வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகளை ஒரே வட்டத்தில் உட்காரவைக்க வேண்டுமானால்

கேள்வி இது: நான்கு பள்ளிகளிலிருந்து 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களை ஒரு நாள் ஓரிடத்தில் கூட்டி, பன்முகத்தன்மை பற்றிப் பேசவைக்க வேண்டும். மொழி, மதம், சாதி, நிறம், வசதி, உடல் திறன் எல்லாவற்றையும் தொட வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

முதலில் அந்த "ஒரு நாள்" என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். அதே நேரத்தை இரண்டரை மணி வீதம் மூன்று சந்திப்புகளாகப் பிரித்து, இடையில் ஒன்று அல்லது இரண்டு வாரம் விடுங்கள். முதல் சந்திப்பில் யாரும் மனதில் இருப்பதைப் பேச மாட்டார்கள். எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாதபோது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் விவேகம், அதைப் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். இரண்டாவது சந்திப்பில் பேச்சு வரும். அப்போது யாராவது யாரையாவது நோகடித்தும் விடுவார்கள். அதைச் சரிசெய்ய மூன்றாவது சந்திப்பு வேண்டும். ஒரே நாளில் முடித்துவிட்டால் நொந்தவர் நொந்தபடியே பேருந்தில் ஏறிப் போவார். நோகடித்தவரின் பள்ளி முழுவதும் அவருக்கு அந்த ஒரு முகமாகவே நிற்கும். கூட்டாமலே இருந்திருக்கலாம் என்ற நிலை அது.

வெறுமனே கூட்டிவைத்தால் போதாது என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர், ஏறத்தாழ 11 வயதுள்ள 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு முகாமில் தங்கவைத்தார். போட்டி விளையாட்டுகள் தொடங்கியதும் பகை மூண்டது. பிறகு இரு அணிகளையும் ஒன்றாகச் சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்தார்கள், பகை குறையவில்லை. சாப்பாட்டைத் தூக்கி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டதுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனது, வண்டி நின்றுபோனது என்று இரு அணியும் சேர்ந்து கைகொடுத்தால்தான் தீரும் சிக்கல்களைத் தொடர்ந்து தந்தபோதே பகை தணிந்தது.

அதே ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்ற இன்னொரு உளவியலாளர், இரு தரப்பினர் சந்திப்பதால் வெறுப்பு குறைய வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான குறிக்கோள் வேண்டும். அதைப் போட்டியில்லாமல் சேர்ந்து எட்ட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா டிராப் ஆகிய இரு உளவியலாளர்களும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சந்திப்பு பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகளோடு திட்டமிட்டால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்றும் தெரிந்தது. எதனால் குறைகிறது என்று 2008-இல் அவர்கள் ஆராய்ந்ததில் உங்களுக்கு மிகவும் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. எதிர்த்தரப்பைப் பற்றிய அறிவு கூடுவதால் வரும் பலன் சிறியது. அவர்களிடம் பழகும் பதற்றம் குறைவதும், அவர்கள் இடத்தில் நின்று பார்க்க முடிவதுமே பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே "ஒவ்வொரு சமூகத்தின் பண்பாட்டை அறிவோம்" என்ற சொற்பொழிவையும் படக்காட்சியையும் நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிடலாம்.

நான்கு நிபந்தனைகளில் கைநழுவிப் போவது முதலாவதுதான். சம நிலை என்பது மேடையில் அறிவித்தால் வந்துவிடாது. இடம், உடை, மொழி, எண்ணிக்கை ஆகிய நான்கிலும் அதை முன்கூட்டியே கட்டியெழுப்ப வேண்டும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். பள்ளிக்கு 8 பேர், மொத்தம் 32 பேர். எட்டு எட்டாக நான்கு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இருவர். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் தன் பள்ளியின் தூதராகிவிடுவார், சொந்தக் கருத்தைச் சொல்ல அஞ்சுவார். மூவர் இருந்தால் தங்களுக்குள் தனியாகப் பேசத் தொடங்குவார்கள். ஒரு பள்ளியிலிருந்து 20 பேரும் இன்னொன்றிலிருந்து 4 பேரும் வருவது போன்ற ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நால்வரும் காட்சிப்பொருளாகிவிடுவார்கள்.

யாரை அனுப்புவது என்பதைப் பள்ளியிடமே விட்டால், பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர்களும் வகுப்புத் தலைவர்களும் வருவார்கள். பேச்சு மெருகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. 8 பேரில் 3 பேர் தாமாக விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள், 3 பேர் ஆசிரியர் பரிந்துரைத்த அதிகம் பேசாத பிள்ளைகள், 2 பேர் யாருடைய பேச்சை மற்ற மாணவர்கள் கேட்டு நடக்கிறார்களோ அந்தப் பிள்ளைகள் என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் கடைசி இருவர் நல்ல பெயர் எடுத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் மாறினால் வகுப்பு மாறும். தண்டனையாக யாரையும் அனுப்பக் கூடாது. யாரைக் கேலி செய்தார்களோ அதே தரப்புப் பிள்ளைகளிடம் "பாடம் கற்றுக்கொள்ள" அனுப்பும் பழக்கம் இரு பக்கத்துக்கும் கேடு.

இடம் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாததாக இருக்கட்டும். பொது நூலகம், அருங்காட்சியகம், சமூகக்கூடம் ஏதாவது ஒன்று. வசதியான பள்ளியின் அரங்கில் நடத்தினால் அந்தப் பிள்ளைகள் விருந்தோம்புவோர் ஆகிவிடுவார்கள், மற்றவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வேறு இடமே கிடைக்காவிட்டால் மூன்று சந்திப்புகளையும் மூன்று பள்ளிகளில் நடத்தி, முதலாவதை மிக எளிய பள்ளியில் வையுங்கள். சக்கர நாற்காலி போகும் வழி, கழிப்பறை, ஒலியமைப்பு ஆகியவற்றை நேரில் போய்ச் சரிபாருங்கள். செவித்திறன் குறைந்த மாணவர்கள் வருவதானால் சைகைமொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியாது, பிழைகள் கூடும்.

உடை விஷயத்தில் இரண்டு பக்கமும் சிக்கல். சீருடை பள்ளியைக் காட்டும், சொந்த உடை வசதியைக் காட்டும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரு சாதாரணச் சட்டை கொடுக்க முடிந்தால் அதுவே மேல். முடியாவிட்டால் சீருடையோடு வரட்டும், பள்ளிச் சின்னத்தின்மேல் பெரிய எழுத்தில் பெயர் அட்டையை ஒட்டிவிடுங்கள். எல்லோரும் வந்து போகும் செலவை ஏற்பாட்டாளரே ஏற்க வேண்டும். உணவும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் மூடியைத் திறக்கும் நேரத்திலேயே தரவரிசை உருவாகிவிடும்.

மொழிதான் இவற்றில் மிகக் கூர்மையானது. செல்வாக்குள்ள மொழியில் நிகழ்ச்சி நடந்தால், அதைச் சரளமாகப் பேசும் பள்ளி அறிவுள்ள பள்ளியாகவும் மற்றவை கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளிகளாகவும் பத்தே நிமிடத்தில் ஆகிவிடும். விதியை இப்படி வையுங்கள்: யாரும் தனக்கு எளிதான மொழியில் பேசலாம், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வட்டத்தில் உள்ள ஒருவர் அதை மற்ற மொழியில் சொல்வார். இதற்கு நேரம் ஒன்றரை மடங்கு ஆகும் என்று கணக்கிட்டே நிரல் போடுங்கள். நேரம் போதாமல் மொழிபெயர்ப்பை வெட்டினால் அதோடு சம நிலையும் போய்விடும்.

ஆயத்தத்துக்கு எட்டு வாரம் வேண்டும். முதலில் நான்கு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேதிகளை முடிவுசெய்யட்டும். தேர்வு, மதப் பண்டிகை, நோன்பு நாள், தொழுகை நேரம் ஆகியவற்றைப் பார்க்காமல் தேதி குறித்துவிட்டுப் பன்முகத்தன்மை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பெற்றோருக்கான ஒப்புதல் கடிதத்தில் என்ன பேசப்படும், யார் நடத்துவார்கள், படம் எடுக்கப்படுமா, பிள்ளை நடுவில் விலகிக்கொள்ளலாமா என்ற நான்குக்கும் தெளிவான விடை இருக்க வேண்டும். என் பரிந்துரை, வட்டங்களுக்குள் படமே எடுக்க வேண்டாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதை எழுதியே வையுங்கள்.

வட்டத்துக்கு இரண்டு வழிநடத்துநர்கள். 20 முதல் 30 வயதுக்குள் இருந்தால் நல்லது, இருவரும் வெவ்வேறு பின்னணியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குக் குறைந்தது ஒரு முழுநாள் பயிற்சி வேண்டும். அதில் பாதி நேரம் சிக்கலான தருணங்களை நடித்துப் பழகுவதற்கே போகட்டும். பள்ளி ஆசிரியர்கள் கட்டடத்தில் இருக்கலாம், வட்டத்தில் இருக்கக் கூடாது. ஆசிரியர் இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் பிள்ளையின் கண் அவரிடம் போய்வரும்.

முதல் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு பள்ளியிலும் அந்த எட்டு பேரோடு மட்டும் 45 நிமிடம் உட்காருங்கள். "அந்தப் பள்ளிப் பிள்ளைகள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். "நாங்க படிக்கமாட்டோம்னு நினைப்பாங்க", "நாங்க திமிர் பிடிச்சவங்கன்னு நினைப்பாங்க" என்று வரும். இந்த அச்சத்தை இங்கேயே வெளியே எடுத்துவிட்டால் அங்கே போய் அதை மறைக்கப் பாடுபட மாட்டார்கள்.

முதல் சந்திப்பில் பன்முகத்தன்மை என்ற சொல்லே வர வேண்டாம். வந்தவுடன் வண்ணச் சீட்டு எடுக்கச் சொல்லி வட்டத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு நிறச் சீட்டையும் பள்ளிவாரியாக முன்பே பிரித்து அடுக்கியிருந்தால் கலவை தானாக அமையும். வட்டங்களுக்குப் பெயர், கொடி, மதிப்பெண் எதுவும் வைக்காதீர்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களைத் திரையில் தோன்றிய புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டார்களா குறைத்து மதிப்பிட்டார்களா என்ற அற்பக் காரணம் சொல்லிப் பிரித்தார். அந்த அளவே போதுமானதாக இருந்தது, பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். உங்கள் பிள்ளைகளும் அதே வயதினர்.

"உன் பெயருக்குப் பின்னால் உள்ள கதை என்ன?" என்று தொடங்குவது வழக்கம். தவிர்த்துவிடுங்கள். பெயர் சாதியையும் மதத்தையும் குடும்ப நிலையையும் ஒருசேர வெளியே கொண்டுவரும், முதல் ஐந்து நிமிடத்தில் அது தேவையில்லை. அதற்குப் பதில் இருவர் இருவராக, வேறு பள்ளிப் பிள்ளையோடு, ஆழம் மெல்லக் கூடும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் 36 நிமிடம். முதல் மூன்று எளியவை: பள்ளி விட்டபின் முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? அடுத்த மூன்று கொஞ்சம் உள்ளே: யாரிடமும் கேட்காமல் நீயாகக் கற்றுக்கொண்டது எது? கடைசி மூன்று இன்னும் உள்ளே: உன்னை எதிர்பாராமல் ஒருவர் புரிந்துகொண்டது எப்போது? ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் இப்படி மாறிமாறிப் படிப்படியாக மனம் திறந்தால் 45 நிமிடத்திலேயே நெருக்கம் உண்டாவதைக் காட்டினார். படிப்படியாக என்பது முக்கியம். ஒன்பதாவது கேள்வியை முதலில் கேட்டால் பொய்தான் விடையாக வரும்.

அடுத்த 50 நிமிடம் ஒரு வேலை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில், நிறப் பாகுபாடு நீக்கப்பட்டு அப்போதுதான் கலந்த வகுப்பறைகளில் மோதல் வெடித்தபோது கையாண்ட முறை இதற்குப் பொருந்தும். பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டை மட்டும் தந்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாரும் முழுமையை அறிய முடியாது. உங்கள் வட்டத்துக்கு எட்டுப் பக்கம் தயாரியுங்கள், ஆளுக்கு ஒன்று. பதின்பருவத்தினருக்கான ஒரு பொது இடத்தை வடிவமைப்பது நல்ல பணி. ஒருவர் பக்கத்தில் நிலத்தின் அளவு, ஒருவரிடம் பணக்கணக்கு, ஒருவரிடம் பேருந்து நேரம், ஒருவரிடம் பாதுகாப்புக் குறைகள். பக்கத்தை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது, வாயால் சொல்லத்தான் வேண்டும். எட்டாவது பக்கம் அதிகம் பேசாத பிள்ளையிடம் போகட்டும், அதில் முடிவையே மாற்றும் ஒரு தகவல் இருக்கட்டும். ஆனால் வாசிப்பதில் தடுமாறும் பிள்ளைக்கு நீண்ட பக்கத்தைக் கொடுத்து அவமானப்படுத்திவிடாதீர்கள், பக்கத்துக்கு ஐந்து வரி போதும்.

இரண்டாவது சந்திப்பு உடன்பாட்டில் தொடங்கும். விதிகளைப் பிள்ளைகளே சொல்லட்டும், ஐந்துக்கு மேல் போக வேண்டாம். மூன்று கண்டிப்பாக வேண்டும்: பேச விருப்பமில்லாவிட்டால் "அடுத்தவர்" என்று சொல்லி விலகலாம், தன் அனுபவத்தை மட்டும் பேசலாம், இங்கே கேட்டதைப் பெயரோடு வெளியே சொல்லக் கூடாது. கடைசி விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெரியவர்கள் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் அது துரோகம்.

"பன்முகத்தன்மை என்றால் என்ன?" என்று கேட்டால் பாடநூல் வாக்கியங்கள் வந்து விழும், எல்லோரும் தலையாட்டுவார்கள். கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள். உங்கள் பள்ளியில் இடைவேளையில் யார் யாரோடு உட்காருகிறார்கள், அதை யார் முடிவுசெய்தது? எந்த இடத்துக்குள் நுழையும்போது உன் குரல் தானாகத் தாழ்கிறது? உன்னைப் பார்த்ததும் மற்றவர்கள் தவறாக ஊகிப்பது எது? இவற்றுக்கு முதலில் அட்டையில் பெயரில்லாமல் எழுதச் சொல்லி, எல்லா வட்டங்களின் அட்டைகளையும் கலந்து, வேறு வட்டத்தில் வாசிக்கவையுங்கள். ஒரே மாதிரிப் பேனா கொடுங்கள், எழுத்துகளைத் தனித்தனியாகப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் இந்த வயதினர் வல்லவர்கள். வாசித்தவர் உடனே கருத்துச் சொல்லக் கூடாது. "இதை எழுதியவருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும்?" என்பதற்கு மட்டும் விடை சொல்லட்டும். மேலே சொன்ன, அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கும் பயிற்சி இதுதான், மூன்று சந்திப்புகளிலும் இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். 40 நிமிடம் கூட மிகையில்லை.

ஒரு பயிற்சியை மட்டும் யார் வற்புறுத்தினாலும் சேர்க்காதீர்கள். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, "வீட்டில் சொந்த அறை இருந்தால் ஓரடி முன்னே, கட்டணம் கட்ட முடியாமல் போனதுண்டு என்றால் ஓரடி பின்னே" என்று நகர்த்துவது. பார்ப்பவர் மனதைத் தைக்கும், உண்மைதான். ஆனால் கடைசியில் நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவருக்குப் பாடப்பொருளாக நிறுத்தப்படுகிறாள். தன் வறுமையை அறிய அவளுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அதே போல், "உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?" என்று யாரும் கேட்டால் வழிநடத்துநர் உடனே குறுக்கிட்டு, "நீ என்ன நினைக்கிற என்று கேளு" என்று திருப்பிவிட வேண்டும்.

இழிசொல் ஒன்று வந்து விழுந்தால்? சிரிப்போடுதான் பெரும்பாலும் வரும். பத்து விநாடிக்குள் நிறுத்த வேண்டும், அதற்குமேல் போனால் மௌனம் சம்மதமாகிவிடும். "அந்தச் சொல் இங்க வேண்டாம். அது ஒரு கூட்டத்தையே கீழே தள்ளுது. நீ சொல்ல வந்ததை வேற மாதிரிச் சொல்லு." இவ்வளவு போதும். சொன்னவரை எழுப்பி நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள், யாரைக் குறித்துச் சொன்னாரோ அவரை எல்லோர் முன்னும் "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கவும் கேட்காதீர்கள். இரண்டாவது வழிநடத்துநர் இடைவேளையில் நொந்தவரிடம் முதலில் போக வேண்டும், சொன்னவரிடம் பிறகு. திட்டமிடாமல் நோகடிக்கும் பேச்சுக்கு ஒரு எளிய குறி வைத்துக்கொள்ளலாம்: "உறுத்துது" என்று சொன்னால் பேச்சு நிற்கும், விளக்கம் தர விரும்பினால் தரலாம், தராமலும் இருக்கலாம்.

யாராவது அழத் தொடங்கினாலோ வீட்டுக் கொடுமையைச் சொன்னாலோ வட்டம் அதை ஆராயக் கூடாது. நன்றி சொல்லி, ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, அந்தப் பிள்ளை விரும்பினால் தோழி ஒருத்தியோடு அமைதியான அறைக்குப் போகட்டும். அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் சந்திப்பு முழுவதும் இருக்க வேண்டும். அவரை ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் ஆழமான கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் பள்ளிவாரியாகக் கூட்டம் பிரிவதைப் பார்த்துப் பதறாதீர்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரு மணி நேரம் இருந்தபின் பழகிய முகத்தைத் தேடுவது இயல்பு. மூன்றாவது சந்திப்பிலும் அப்படியே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சிறந்த பேச்சாளர் பரிசு, சிறந்த பள்ளிக் கேடயம் எதுவும் வேண்டாம். பங்கேற்புச் சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

மூன்றாவது சந்திப்பில் முதல் அரைமணி, சென்ற முறை மனதில் தங்கிப்போனவற்றுக்கு. மீதி நேரம் செயலுக்கு. வட்டங்கள் கலைந்து, ஒவ்வொரு பள்ளியிலும் மாற வேண்டிய ஒன்றை மற்றப் பள்ளிப் பிள்ளைகளின் துணையோடு எழுதட்டும். "எல்லோரையும் மதிக்க வேண்டும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருப்பதால் ஊன்றுகோலோடு வரும் மாணவர் செய்முறை வகுப்பைத் தவறவிடுகிறார், அதைக் கீழே மாற்றுங்கள் என்ற அளவுக்குத் திட்டமாக இருக்க வேண்டும்.

பலனை அளக்க, நிகழ்ச்சி முடிந்த கையோடு "பிடித்ததா?" என்று கேட்பது வீண், எல்லோரும் பிடித்தது என்பார்கள். முதல் சந்திப்புக்கு முன்பும், கடைசிச் சந்திப்பு முடிந்து ஆறு வாரம் கழித்தும் ஒரே மூன்று கேள்விகளைப் பெயரில்லாமல் கேளுங்கள்: மற்றப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச எவ்வளவு தயங்குகிறாய் (1 முதல் 5 வரை), அவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும், கடந்த மாதம் யாரோடாவது நீயாகப் பேசினாயா. தயக்கம் குறைந்து பேச்சு கூடவில்லை என்றால், பேச வாய்ப்பே இல்லை என்று பொருள். மாதம் ஒருமுறை சந்திக்க ஒரு பொது வேலையை ஏற்படுத்துங்கள்.

தலைமையாசிரியர்களிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: மாணவர்கள் எழுதித் தரும் கோரிக்கைக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தருவேன் என்று. முடியாது என்பதும் பதில்தான், காரணம் மட்டும் இருக்க வேண்டும். 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புப் பெறவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆல்போர்ட்டின் நான்காவது நிபந்தனையும் இங்கேதான் நிறைவேறுகிறது. நான்கு பேரில் ஒருவர் கையெழுத்திட மறுத்தால் அந்தப் பள்ளி இல்லாமல், 24 பேரோடு, ஆறு ஆறாக நான்கு வட்டங்களில் நடத்துங்கள். எட்டுப் பக்கத் தாளை ஆறாகச் சுருக்குவது மட்டும்தான் கூடுதல் வேலை.